சென்னையில கோஷர் சாப்பாடு எங்க கிடைக்கும்?

கேள்வி: வணக்கம் சார். ஒரகடம் பக்கத்துல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில அட்மின்ல இருக்கேன். புது மெஷின் இன்ஸ்டால் பண்ண ஜனவரி முதல் வாரம் வெளிநாட்டுல இருந்து ஒரு இன்ஜினியர் வரார், ஆறு வாரம் இருப்பார். அவர் யூதர், கோஷர் (அவங்க மதச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சாப்பாடு) மட்டும்தான் சாப்பிடுவார், அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு மெயில்ல சொல்லியிருக்காங்க. சென்னையில கோஷர் ஹோட்டல்னு தேடிப் பார்த்தேன், உருப்படியா எதுவும் கிடைக்கல. தங்கப் போற ஹோட்டல் செஃப் "ப்யூர் வெஜ்ஜா பண்ணிடறோம் மேடம், அதுவே போதும்"ங்கறார். எங்க மேனேஜர் ஹலால் கறி குடுத்தா சரியாப் போகும்ங்கறார். எங்க அம்மாவுக்கு அவரைப் பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போடணும்னு ஆசை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஹோட்டல் தேடறதை நிறுத்திடுங்க. உங்களுக்கு வேண்டியது ஹோட்டல் இல்ல, ஒரு அடுப்பு. அவருக்குன்னு தனியா, வேற யாரும் தொடாத ஒரு சின்ன கிச்சன் ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. நான் உணவுத் தொழில்நுட்பம் படிச்சவன், பொள்ளாச்சி பக்கம் தேங்காய்த் துருவல் ஆலைகள், மசாலா எசன்ஸ் எடுக்கற ஆலைகள் எல்லாம் ஏற்றுமதிக்காக கோஷர் ஆடிட்டுக்குத் தயாராகறதுக்கு உதவி பண்றதுதான் என் தொழில். ஆடிட்டுக்கு வர ரப்பிகளோட, அதாவது யூத மதகுருக்களோட, வேலை பார்த்துப் பழகினதுல தெரிஞ்சுகிட்ட முதல் விஷயம், அவங்க "இதுல என்ன இருக்கு"ன்னு மட்டும் கேக்க மாட்டாங்க, "இதுக்கு முன்னாடி இந்தப் பாத்திரத்துல என்ன இருந்துச்சு, யார் அடுப்பைப் பத்த வெச்சாங்க, நீங்க பார்க்காத நேரத்துல யார் பார்த்துக்கிட்டாங்க"ன்னு கேப்பாங்க. உங்க செஃப் சொல்ற ப்யூர் வெஜ் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லுது.

செஃப் நல்ல மனசோடதான் சொல்றார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நடக்கறது என்னன்னா, அதே கிச்சன்ல நேத்து இறால் வறுத்த வாணலி இருக்கும், அதே டிஷ்வாஷர்ல எல்லாத் தட்டும் ஒண்ணாப் போகும், வெங்காயம் நறுக்கற கத்தி கறி வெட்டின கத்தியா இருக்கும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை மாதிரி காரமான, புளிப்பான பொருளைக் கத்தி தொட்டா அந்தக் கத்தியோட பழைய சுவை உள்ள இறங்கிடும்ங்கறது அவங்க சட்டம், அதனால சூடு பண்ணாத சாலட் கூட சிக்கலாகுது. சரி, முழுக்க சைவ ஹோட்டலுக்கே கூட்டிட்டுப் போனா? அங்கயும் மூணு பிரச்சனை நிக்கும். பூச்சி ஒண்ணு. காலிஃபிளவர், கீரை, கொத்தமல்லி இதுல ஒட்டியிருக்கற கண்ணுக்குத் தெரியற சின்னப் புழு, அசுவினிப் பூச்சி எல்லாம் அவங்களுக்குத் தடை செய்யப்பட்ட உணவு, பன்றியைப் போலவே தடை, ஒரு ஹோட்டல்ல இலை இலையா யாரும் பார்க்க மாட்டாங்க. அடுத்தது சீஸ், வினிகர், சாஸ் மாதிரி வெளியில இருந்து வாங்கற பொருள். சீஸை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் போடறது உண்டு, நுண்ணுயிர்ல இருந்து எடுத்த ரென்னெட்டா இருந்தாலும் சீஸுக்குத் தனிக் கண்காணிப்பு வேணும்னு அவங்க சட்டம் சொல்லுது. திராட்சையில இருந்து வந்த ஒயின், ஜூஸ், வினிகர் எல்லாத்துக்கும் இன்னும் கடுமையான விதி. மூணாவதுதான் நம்ம ஊர் ஆளுங்களுக்கு ரொம்பப் புதுசா இருக்கும்: பச்சையா சாப்பிட முடியாத, விருந்துல வைக்கற மாதிரியான பதார்த்தத்தை முழுக்க முழுக்க யூதர் அல்லாதவங்களே சமைச்சா, எல்லாப் பொருளும் சுத்தமா இருந்தாலும் அதைச் சாப்பிடக் கூடாது. சோறு, பருப்பு, ஏன் அவிச்ச முட்டையும் இதுல வந்துடும். அதனாலதான் ஹோட்டல் பஃபேல "எக் இருக்கு சார், எடுத்துக்கோங்க"ன்னு சொன்னா அவர் சிரிச்சுட்டு விலகிடுவார்.

இதைக் கேட்டு மனசு உடைஞ்சுடாதீங்க, தோசை இட்லி மேல அவங்களுக்கு ஒரு விரோதமும் கிடையாது. நியூயார்க்ல லெக்சிங்டன் அவென்யூல மெட்ராஸ் மஹால், பொங்கல்னு தென்னிந்திய சைவ ஹோட்டல்களே கோஷர் சான்றிதழோட நடந்திருக்கு, தொப்பி போட்ட யூதக் குடும்பங்க அங்க மசால் தோசை சாப்பிட்டிருக்காங்க. அங்க இருந்ததும் இங்க இல்லாததும் கண்காணிப்புதான். கீரையைப் பார்க்க, அடுப்பைப் பத்த வைக்க, சரக்கு எங்கிருந்து வருதுன்னு செக் பண்ண பொறுப்பான ஆள் ஒருத்தர் அங்க இருந்தார். உங்க ஊர்ல அந்த ஆள் உங்க விருந்தாளிதான், வேற யாரும் இல்ல, அதனால அவர் கையில அடுப்பைக் குடுத்துடுங்கன்னு சொல்றேன்.

ஹலால் விஷயத்தை மேனேஜர்கிட்ட மெதுவா எடுத்துச் சொல்லிடுங்க, அது சரிப்படாது. பன்றி கூடாது, ரத்தம் கூடாதுங்கறதுல ஒத்துமை இருக்கறதால நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சுடறாங்க. கோஷர் கறிக்கு அதுக்குன்னே பயிற்சி எடுத்து அனுமதி வாங்கின யூதர்தான் அறுக்கணும், அறுத்தப்புறம் நுரையீரலை சோதிக்கணும், சில கொழுப்பையும் பின்னந்தொடை நரம்பையும் எடுத்துடணும், அப்புறம் அரை மணி நேரம் தண்ணியில ஊற வெச்சு, ஒரு மணி நேரம் உப்புல புதைச்சு வெச்சு ரத்தத்தை இழுத்து, மூணு தடவை கழுவணும். இந்த வேலைக்குப் போடற கல்லுப்பைத்தான் அமெரிக்காவுல கோஷர் உப்புன்னு பாக்கெட் பண்ணி விக்கறாங்க, ஆன்லைன்ல அதைப் பார்த்துட்டு அவருக்காக விலை குடுத்து வாங்கிடாதீங்க, வேற எதுவும் கலக்காத நம்ம சாதா உப்பே அவர் சமையலுக்குப் போதும். கறி இல்லாம ஆறு வாரம் இருக்கறது அவருக்குப் பெரிய விஷயமா இருக்காது, பிரயாணம் போற கட்டுப்பாடான யூதர்கள் நிறைய பேர் வெளியூர்ல அப்படித்தான் இருக்காங்க.

நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்ற வேலை, இன்னைக்கே அவருக்கு நேரடியா ஒரு மெயில் போடுங்க. ஹெச்ஆர் வழியா, டிராவல் ஏஜென்ட் வழியா சுத்தி வளைக்க வேண்டாம். கோஷர்னு சொல்ற எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க, ஒருத்தர் வெளியில பழமும் கருப்பு காபியும் எடுத்துப்பார், இன்னொருத்தர் தண்ணி பாட்டிலைத் தவிர எதையும் தொட மாட்டார், இதுல எது சரின்னு நீங்களும் நானும் தீர்ப்பு சொல்ல முடியாது. அவர்கிட்ட கேக்க வேண்டியது: நம்ம ஊர்ப் பால் குடிப்பாரா (கறக்கும்போது யூதர் ஒருத்தர் பார்த்திருக்கணும்னு இருக்கறவங்க உண்டு, அரசாங்கக் கண்காணிப்பு போதும்னு இருக்கறவங்களும் உண்டு, பசு எருமை ஆடு மூணுமே அனுமதிக்கப்பட்ட மிருகம்தான்), பாக்கெட்ல போடற கோஷர் சான்றிதழ் முத்திரைகள்ல எதெதை ஒத்துக்குவார், மீன் சமைச்சுக்குவாரா, தானே சமைக்கறதுக்கு சம்மதமா, அடுப்பை அவர் பத்த வெச்சா போதுமா இல்ல பாத்திரத்தையும் அவரே அடுப்புல ஏத்தணுமா. கடைசிக் கேள்வி ஏன்னா, ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களுக்கு அடுப்பைப் பத்த வெச்சாலே போதும், ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்த செஃபார்டி யூதர்களுக்குப் பொதுவா பாத்திரத்தை ஏத்தறதும் யூதர் கையா இருக்கணும். இதெல்லாம் கேட்டா தப்பா நினைப்பாரோன்னு தயங்காதீங்க, இதை இவ்வளவு தூரம் புரிஞ்சுகிட்டு ஒருத்தர் கேக்கறதே அவருக்குப் பெரிய நிம்மதியா இருக்கும்.

ஹோட்டலை மாத்தி கிச்சன் உள்ள ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்க, முடிஞ்சா தரைத்தளம் இல்ல முதல் மாடி, காரணம் வெள்ளிக்கிழமை விஷயத்துல சொல்றேன். அங்க ஏற்கனவே இருக்கற பாத்திரம், ஓவன், மிக்ஸி எதுவும் அவருக்கு ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்பு புதுசா ஒண்ணு வாங்கிடுங்க, கண்ணாடி மேல்தட்டு உள்ள பழைய அடுப்பை அவங்க முறைப்படி சுத்தம் பண்றது கஷ்டம். அதோட ஒரு குக்கர், ஒரு சாஸ்பேன், ஒரு வாணலி, ஒரு கத்தி, கட்டிங் போர்டு, கெட்டில், சின்ன மிக்ஸி, ரெண்டு கரண்டி. எல்லாம் சாதாரண ரகம் போதும், பில்லு பத்தாயிரத்தைச் சுத்திதான் வரும், ஹோட்டல்ல ஆறு வாரம் அவர் தொடாத பிரேக்ஃபாஸ்டுக்குக் கட்டப் போற காசை விடக் கம்மி. பாத்திரத்தைப் பெட்டியோட, ஸ்டிக்கர் கூடக் கிழிக்காம அவர்கிட்ட குடுங்க, நீங்க கழுவித் துடைச்சு வெச்சா அது மரியாதையா நமக்குத் தோணும், அவருக்கு எந்த ஸ்பான்ஜுல கழுவினாங்கன்னு ஒரு கேள்வி வந்துடும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. யூதர் அல்லாதவங்க செஞ்ச உலோக, கண்ணாடிப் பாத்திரத்தை ஒரு யூதர் சொந்தமா வாங்கினா, பயன்படுத்தறதுக்கு முன்னாடி அதை இயற்கை நீர்ல முக்கி எடுக்கணும். அதுக்குன்னு மிக்வான்னு ஒரு குளம் யூதர்கள் வாழற ஊர்ல கட்டியிருப்பாங்க, அது இல்லாத ஊர்ல கடல் செல்லும். அதனால அவர் வந்த முதல் நாளே குக்கரையும் கரண்டியையும் எடுத்துட்டு பீச்சுக்குப் போகணும்னு கேட்டா திகைச்சுடாதீங்க, டிரைவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி விடியக்காலையில அலை கம்மியா இருக்கற இடத்துக்கு, கடல் பழக்கமுள்ள ஒரு ஆளோட அனுப்புங்க, நம்ம கரையில இழுவை ஜாஸ்தி, குனிஞ்சு பாத்திரம் முக்கற ஆள் தனியா நிக்கக் கூடாது. பாத்திரம் கம்பெனியோட சொந்தமா இருந்து அவருக்கு இரவலா மட்டும் குடுத்தா இந்த முக்கற வேலை தேவைப்படாதுன்னும் சட்டத்துல இடம் இருக்கு, எப்படி வெச்சுக்கலாம்னு அவரே அவரோட ரப்பிகிட்ட கேட்டுச் சொல்லட்டும்.

கிச்சனை பாலும் இல்லாத, கறியும் இல்லாத கிச்சனா வெச்சுக்கச் சொன்னா எல்லாமே சுலபமாகிடும், அப்படிப்பட்ட சாப்பாட்டை அவங்க பார்வேன்னு சொல்வாங்க. பாலுக்குத் தனிப் பாத்திரம் கறிக்குத் தனிப் பாத்திரம்ங்கற ரெட்டை செட்டே வேண்டியதில்ல. நம்ம ஊர்ல இது எவ்வளவு சுலபம்னா தேங்காய் இருக்கு! கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாதுங்கறதால கொங்கண் கரையில பல தலைமுறையா வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் குழம்புக்குத் தேங்காப்பால் ஊத்தித்தான் சமைச்சாங்க, கொச்சி யூதர்கள் சமையல்லயும் தேங்காய்க்குப் பெரிய இடம். உங்க விருந்தாளிக்கு தேங்காப்பால் எடுக்கக் கத்துக் குடுத்தா ஆறு வாரத்தை அவர் சந்தோஷமா ஓட்டிடுவார்.

கடைக்குப் போகும்போது ஒரு கணக்கு: எவ்வளவுக்கு எவ்வளவு பதப்படுத்தாம இருக்கோ அவ்வளவுக்கு அவ்வளவு சிக்கல் கம்மி. முழுப் பழம், முழுக் காய், அரிசி, பருப்பு, சர்க்கரை, முட்டை, எதுவும் சேர்க்காத டீத்தூள், இதுக்கெல்லாம் பொதுவா முத்திரை தேவைப்படாது. அரிசி பருப்பை வண்டு இருக்கான்னு தட்டுல பரப்பிப் பார்ப்பாங்க, நம்ம பாட்டிமார் முறத்துல புடைச்ச அதே வேலை, மாவைச் சலிச்சுதான் எடுப்பாங்க. முட்டையை ஒவ்வொண்ணா கிளாஸ்ல உடைச்சு ரத்தப் புள்ளி இருக்கான்னு பார்த்துட்டுதான் சேர்ப்பாங்க. காய்கறியில கேரட், பீட்ரூட், உருளை, சுரைக்காய், பூசணி, வெள்ளரி, வாழைக்காய் மாதிரி தோல் சீவற காயா வாங்குங்க, முருங்கைக்கீரை, காலிஃபிளவர் ரெண்டையும் மறந்துடுங்க, ரெண்டும் எனக்கும் பிடிச்சதுதான் ஆனா அதுல பூச்சி பார்த்து முடிக்கறதுக்குள்ள அவருக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சுடும். நறுக்கி பாக்கெட்ல விக்கற பழம், ஜூஸ் கடை ஜூஸ் வேண்டாம். இளநீர் ரொம்ப நல்லது, ஸ்ட்ராவை மட்டும் புதுசா பாக்கெட்ல இருந்து எடுத்துக் குடுங்க.

எண்ணெய், மசாலாப் பொடி, சாஸ், பிஸ்கட், சாக்லேட், சீரியல் இதுக்கெல்லாம் முத்திரை வேணும். வட்டத்துக்குள்ள யூ எழுத்து, வட்டத்துக்குள்ள கே, நட்சத்திரத்துக்குள்ள கே, லண்டன் பெத் தின்னோட கேஎல்பிடி, இதெல்லாம் உலகம் முழுக்கத் தெரிஞ்ச முத்திரைகள், பக்கத்துல டி எழுத்து இருந்தா பால் சம்பந்தம் இருக்குன்னு அர்த்தம். சும்மா ஒரு கே எழுத்து மட்டும் அச்சடிச்சிருந்தா அதை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், அதுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு தெரியாம வாங்க வேண்டாம். நம்ம பச்சைப் புள்ளியை நம்பி வாங்கறதும் கூடாது, அது பொருள்ல கறி, மீன், முட்டை இல்லைன்னு சொல்லுது, மெஷின்ல முன்னாடி என்ன ஓடுச்சு, கீரையில பூச்சி பார்த்தாங்களாங்கறதெல்லாம் அதோட வேலை இல்ல. சென்னையில இம்போர்ட்டட் சரக்கு விக்கற பெரிய சூப்பர் மார்க்கெட்ல பாதாம், ஆலிவ் ஆயில், டின் டூனா, சீரியல் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்க, முத்திரை போட்டது சிலது கண்டிப்பா கண்ல படும். ஆனா சான்றிதழ் பிராண்டுக்கு இல்ல, ஃபேக்டரிக்கு. ஒரே பிராண்ட், ஒரே டப்பா, ஒண்ணு தாய்லாந்துல செஞ்சது முத்திரையோட வரும், இன்னொண்ணு வேற நாட்டுல செஞ்சது முத்திரை இல்லாம வரும், ஒவ்வொரு பாக்கெட்டா பார்த்துதான் எடுக்கணும்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், இது என் தொழில்ல தினம் பார்க்கறது. நீங்க கோஷர் கிடைக்காத ஊர்னு நினைக்கற இதே தமிழ்நாட்டுல இருந்து கன்டெய்னர் கன்டெய்னரா கோஷர் சரக்கு வெளிய போகுது. தேங்காய்த் துருவல், மசாலா சாறுகள், முருங்கை இலைப் பொடி, ஜாடியில அடைச்ச சின்ன வெள்ளரி ஊறுகாய், இதெல்லாம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போறதுக்கு முன்னாடி ரப்பி வந்து பாய்லர், ஸ்டீம் லைன் வரைக்கும் பார்த்துட்டுதான் போறார். அதனால உங்க ஊர்க் கம்பெனி ஒண்ணு அந்தப் பொருளை செய்யுதுன்னா அவங்க குவாலிட்டி டிபார்ட்மென்டுக்கு போன் போட்டு "கோஷர் சர்ட்டிஃபிகேட் காப்பி அனுப்ப முடியுமா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் அனுப்பிடுவாங்க, ஏன்னா வெளிநாட்டு பையர் கேட்டுக் கேட்டு அது ரெடியா ஃபைல்ல இருக்கும். வந்ததும் மூணு விஷயம் பாருங்க: தேதி முடிஞ்சுபோகலையே, நீங்க வாங்கப் போற பொருளோட பேர் அந்த லிஸ்ட்ல இருக்கா, முத்திரை பாக்கெட்ல இருந்தாதான் செல்லும்னு எழுதியிருக்கா. ஏற்றுமதி பாக்கெட்டும் உள்ளூர் பாக்கெட்டும் ஒரே லைன்ல ஓடணும்னு கட்டாயம் இல்ல, அதனால அந்த மூணாவது வரியைப் படிக்காம விடாதீங்க. காப்பியை அப்படியே அவருக்கு ஃபார்வேர்ட் பண்ணிடுங்க, முடிவு அவர் எடுக்கட்டும்.

மீன் வேணும்னார்னா நல்ல விஷயம், மீனை இப்படித்தான் அறுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, செதிலும் துடுப்பும் இருந்தா போதும். சங்கரா, கொடுவா, கட்லா, ரோகு இதுல செதில் பளிச்சுன்னு தெரியும். சுறா, கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு, கணவாய் எதுவும் ஆகாது. வெட்டின துண்டை வாங்கிட்டு வராதீங்க, முழு மீனா செதிலோட அவர் கண்ணால பார்க்கணும், மார்க்கெட்ல சுத்தம் பண்றவரோட அருவாமனையில முன்னாடி இறாலும் கணவாயும் வெட்டியிருப்பார், அதனால கத்தியும் போர்டும் அவரோடது இருக்கட்டும், இல்ல வீட்டுக்கே எடுத்துட்டு வந்து அவரே சுத்தம் பண்ணிக்கட்டும்.

சூடு பண்ற வசதி ஃபேக்டரியிலயும் வேணும். மதியம் அவர் டப்பாவை கேன்டீன் ஓவன்லயோ மைக்ரோவேவ்லயோ வைக்கணும்னா ரெண்டு சுத்து மூடி, நல்லா சீல் பண்ணி வெச்சா போதும், ஓவனுக்கு ரெண்டு லேயர் ஃபாயில், மைக்ரோவேவுக்கு ஃபாயில் வேண்டாம், சூடு தாங்கற கவர் ரெண்டு. கேன்டீன் பசங்ககிட்ட அந்தக் கவரைப் பிரிக்கவே கூடாது, பிரிக்கறது அவர் கைன்னு கண்டிப்பா சொல்லிடுங்க, அன்பா தட்டுல எடுத்து வெச்சு நீட்டினா அந்த வேளைச் சாப்பாடு போச்சு. ஊர்ல இருந்து சூட்கேஸ்ல ரெடிமேட் கோஷர் பாக்கெட் கொண்டுவர ஐடியா இருந்தா சைவ, மீன் வகைகளா கொண்டுவரச் சொல்லுங்க, இறைச்சி சேர்ந்தது சுங்கத்துல நிக்கலாம். பிளைட்ல கோஷர் மீலை ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா முன்பதிவு பண்ணணும், சென்னையில இருந்து திரும்பற பக்கத்துக்கு இன்னும் நாலஞ்சு நாள் முன்னாடியே ஏர்லைன்ல உறுதி வாங்கிடுங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூரியன் மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தொடங்கி சனிக்கிழமை இருட்டற வரைக்கும் ஷபாத், அவங்களோட வாராந்திர ஓய்வு நாள். அந்த நேரத்துல அடுப்பு, லைட் ஸ்விட்ச், லிஃப்ட், கார், போன் எதுவும் இல்ல. ஜனவரி ஆரம்பத்துல சென்னையில சூரியன் மறையறது ஏறக்குறைய 5.50-க்கு, அதுக்கு 18 நிமிஷம் முன்னாடியே அவங்க விளக்கு ஏத்திடுவாங்க, அதுக்குள்ள அவர் ரெண்டு நாள் சாப்பாட்டை சமைச்சு, குளிச்சு முடிச்சிருக்கணும். ஒரகடத்துல இருந்து சிட்டிக்குள்ள வர நம்ம டிராஃபிக்கை நினைச்சுப் பாருங்க, வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவரை விடுவிக்கறதா புராஜெக்ட் மேனேஜர்கிட்ட இப்பவே எழுதி வாங்கிடுங்க, சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு அவர் கேட்டா, வெள்ளிக்கிழமை லேட்டானா சனிக்கிழமை முழுக்க அவர் பழம் தின்னுட்டுதான் இருக்கணும்னு சொல்லுங்க. அபார்ட்மென்ட்ல கார்டு சாவி இல்லாம சாதா சாவி உள்ள கதவா இருக்கட்டும், ஃபிரிட்ஜ் திறந்தா எரியற லைட்டைக் கழட்டி வெச்சுடச் சொல்லுங்க, லிஃப்ட் இல்லாம ஏறி இறங்கத்தான் கீழ்த்தளம் கேட்டேன். அன்னைக்கு அவர் "லைட்டைப் போடுங்க"ன்னு வாட்ச்மேன்கிட்ட நேரா கேக்கவும் மாட்டார். வெளியில எதையும் கையில எடுத்துட்டுப் போகவும் மாட்டார், அதனால சனிக்கிழமை மதியம் நம்ம வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டு, வரும்போது உங்க டப்பாவை எடுத்துட்டு வந்துடுங்கன்னு சொன்னா அது நடக்காது.

ஷபாத்தை யூதர்களோட கழிக்கணும், கோஷர் கறி சாப்பிடணும்னு ஒரு வார இறுதிக்கு ஆசைப்பட்டார்னா மும்பை, பெங்களூர் மாதிரி ஊர்ல ஹபாத்ங்கற யூத அமைப்போட இல்லங்கள் இருக்கு, பயணிகளுக்குச் சாப்பாடு போடறாங்க. மும்பை கொலாபால இருக்கற ஹபாத் இல்லமான நரிமன் ஹவுஸ் 2008 நவம்பர் தாக்குதல்ல ரப்பி தம்பதி உட்பட ஆறு பேரை இழந்த இடம், அதனால பாதுகாப்பு ரொம்ப அதிகம், முன்கூட்டியே எழுதிச் சொல்லாம போய் நிக்கக் கூடாது. சென்னையிலயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தா ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க, பவளமும் வைரமும் வியாபாரம் பண்ண வந்த யூத வணிகர்களோட ஞாபகம் அந்தப் பேர்ல நிக்குது, 1688-ல மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சப்ப ஆல்டர்மேன்கள்ல, அதாவது நகர்மன்ற உறுப்பினர்கள்ல, மூணு பேர் யூதர்கள். லாயிட்ஸ் ரோட்ல அவங்க கல்லறைத் தோட்டமும் இருக்கு. இந்த ஊர்ல தனக்கு முன்னாடி தன் ஆளுங்க வாழ்ந்து சமைச்சு சாப்பிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா அவருக்கு ஊர் கொஞ்சம் நெருக்கமாகும்.

இப்ப பொங்கல். அம்மாகிட்ட இதை நீங்கதான் பக்குவமா சொல்லணும். சூரியனுக்குப் படைச்ச பொங்கல், கோயில் பிரசாதம், சாமி முன்னாடி வெச்ச பழம் எதையும் அவருக்குக் குடுக்கக் கூடாது. நம்ம தெய்வத்தை அவமதிக்கறதா இதை எடுத்துக்க வேண்டாம், வேற வழிபாட்டுல படைச்ச பொருள் எதையும் அனுபவிக்கக் கூடாதுங்கறது அவங்களுக்கு ரொம்ப ஆழமான சட்டம். 2004-ல திருப்பதியில காணிக்கையா குடுத்த முடி, கட்டுப்பாடான யூதப் பெண்கள் கல்யாணத்துக்கு அப்புறம் தலைமுடியை மறைக்கப் போடற விக் செய்யப் போகுதுன்னு தெரிஞ்சு, ஜெருசலேம்ல ஒரு மூத்த ரப்பி தடை சொன்னதும், புரூக்ளின்லயும் இஸ்ரேல்லயும் பெண்கள் ஆயிரக்கணக்குல விலை குடுத்து வாங்கின விக்கைத் தெருவுல போட்டு எரிச்சாங்க, அந்த அளவுக்கு அதை மதிக்கறாங்க. உங்க கம்பெனியிலயும் ஒண்ணு கவனிங்க, புது மெஷினை ஸ்டார்ட் பண்ணும்போது கண்டிப்பா பூஜை போடுவீங்க, இன்ஸ்டால் பண்ணினவர்ங்கற மரியாதையில அவரை முன்னாடி நிக்க வெச்சு தேங்காய் உடைங்கன்னு கையில குடுப்பாங்க, பொட்டு வைப்பாங்க, சுண்டல் நீட்டுவாங்க, அத்தனை பேர் முன்னாடி அவர் மறுக்க வேண்டிய நிலைமையைத் தயவுசெஞ்சு உண்டாக்காதீங்க, பூஜை முடிஞ்சப்புறம் வந்து ஸ்விட்சைப் போடற மாதிரி நேரத்தை அமைச்சுடுங்க.

அம்மாவோட ஆசைக்கு நான் சொல்ற வழி இதுதான்: பொங்கல் கழிச்சு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைக் கேட்டுட்டு, அம்மாவை அவர் அபார்ட்மென்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அம்மா வீட்டுல சமைச்சு எடுத்துட்டுப் போகக் கூடாது, கரண்டி கூட எடுத்துட்டுப் போகக் கூடாது. அரிசி, பருப்பு, புளி, முழுத் தேங்காய், நறுக்காத காய், முழு மிளகு சீரகம், இதை மட்டும் பையில போட்டுட்டுப் போங்க. அவர் பாத்திரம், அவர் கத்தி, அடுப்பை அவர் பத்த வைக்கட்டும், தேவைன்னா குக்கரை அவரே ஏத்தட்டும், அப்புறம் அம்மா கிளறலாம், ருசி பார்க்கலாம், உப்பு போடலாம், அவர் அங்கயே கூட நிக்கறவரைக்கும். நடுவுல அவர் போன் பேச வெளிய போனா அம்மாவும் கையைக் கழுவிட்டு உக்காந்துடட்டும். ஒரு சோறு, தேங்காப்பால் விட்ட பூசணிக் குழம்பு, பீட்ரூட் பொரியல், மிளகு ரசம், இதுக்கு மேல என்ன வேணும். கருவேப்பிலை, கொத்தமல்லியை அவர் பார்த்து சரின்னா சேருங்க, இல்லைன்னா வேண்டாம். அம்மா வீட்டுல இடிச்ச சாம்பார் பொடியை எடுத்துட்டு வரணும்னு நிப்பாங்க, அது வீட்டுப் பாத்திரத்துல வறுத்தது, அதனால வேண்டாம், முழு மிளகாயும் தனியாவும் அவர் வாணலியிலயே வறுத்து அவர் மிக்ஸியில அரைச்சுக்கலாம். பெருங்காயத்துல மாவும் பிசினும் கலக்கறாங்க, முத்திரை போட்டது கிடைக்கலைன்னா அதையும் விட்டுடச் சொல்லுங்க, ரசத்துல பூண்டைத் தட்டித் தூக்கலா போட்டா போதும்.